அரசு எரிசக்தி நிறுவனங்களின் பங்குகள்: மலிவான விலைக்குப் பின்னால் இருப்பது

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பணி ஓய்வில் கிடைத்த தொகையில் கணிசமான பகுதியை ஓஎன்ஜிசி, கோல் இந்தியா, இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் போன்ற அரசு எரிசக்தி நிறுவனங்களின் பங்குகளில் போடலாமா? அவற்றின் ஈவுத்தொகை பல ஆண்டுகளில் வங்கி வட்டிக்கு ஈடாக இருக்கிறது, லாபத்தோடு ஒப்பிட்டால் பங்கின் விலை மிகக் குறைவாக இருக்கிறது, உரிமையாளர் மத்திய அரசு என்பதால் நிறுவனம் மூழ்கிவிடும் என்ற அச்சமும் இல்லை என்று மூன்று காரணங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் நிறுவனம் மூழ்காமல் இருப்பதும் அதில் போட்ட உங்கள் பணம் வளர்வதும் தனித்தனிச் செய்திகள் என்பதையும், விலை குறைவாக இருப்பதற்குச் சந்தையிடம் வலுவான காரணம் உண்டு என்பதையும் முதலில் விளக்க வேண்டும்.

ஒரு தனியார் நிறுவனத்தின் பெரும்பான்மை உரிமையாளருக்கும் சிறு பங்குதாரருக்கும் பல சச்சரவுகள் வரலாம். ஆயினும் நிறுவனம் சம்பாதித்தால்தான் இருவருக்கும் பணம் என்ற அடிப்படை ஒன்றே. அரசு உரிமையாளராக இருக்கும் எரிசக்தி நிறுவனத்தில் அந்த அடிப்படை மாறிவிடுகிறது. அரசுக்கு அந்த நிறுவனத்திலிருந்து பலன் வரும் வழிகள் பல: ஈவுத்தொகை, உற்பத்தி வரி, ராயல்டி, கலால் வரி, பங்கு விற்பனை, எல்லாவற்றுக்கும் மேலாக மக்களுக்கு எரிபொருளும் மின்சாரமும் குறைந்த விலையில் கிடைப்பதால் வரும் பொருளாதார அமைதியும் அரசியல் ஆதரவும். உங்களுக்கோ ஈவுத்தொகையும் பங்கின் விலையும் மட்டுமே. ஆகவே லாபம் என்று கணக்கில் எழுதப்படுவதற்கு முன்பே, உங்களுக்குப் பங்கில்லாத வழிகளில் பணம் பிரிந்து போக முடியும். மற்ற இடர்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவையே.

கச்சா எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசியின் 2013-14 ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அப்போது டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு ஆகியவை அடக்க விலைக்குக் கீழே விற்கப்பட்டன. அதனால் விற்பனை நிறுவனங்களுக்கு ஏற்பட்ட குறைவு, அதாவது துறையில் ‘அண்டர் ரெகவரி’ என்று சொல்லப்படுவது, அந்த ஆண்டில் சுமார் 1,39,869 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதியை அரசு பட்ஜெட்டிலிருந்து கொடுத்தது. மற்றொரு பெரும்பகுதியைக் கச்சா எண்ணெய் எடுக்கும் அரசு நிறுவனங்கள் தள்ளுபடியாகச் சுமந்தன. ஓஎன்ஜிசியின் பங்கு மட்டும் 56,384 கோடி ரூபாய். உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் 106 டாலர் அளவில் விற்றபோது, தள்ளுபடி போக அந்நிறுவனத்தின் கையில் நின்றது சுமார் 41 டாலர். இதைப் பங்குக் கணக்கில் பார்த்தால்தான் கனம் புரியும்: அப்போதிருந்த சுமார் 855 கோடி பங்குகளால் வகுத்தால், பங்கு ஒன்றுக்கு வரிக்கு முன் ஏறக்குறைய 66 ரூபாய் தள்ளுபடியாகப் போயிற்று, அந்த ஆண்டு பங்கு ஒன்றுக்குக் கிடைத்த நிகர லாபமோ 26 ரூபாய்க்கும் குறைவு. இந்தத் தள்ளுபடியை எவ்வளவு கொடுப்பது என்பதற்கு முன்கூட்டியே வகுத்த நிலையான சூத்திரமும் இல்லை. காலாண்டு முடிந்தபின் அமைச்சகம் தொகையைத் தெரிவிக்கும். அதன் பிறகுதான் தன் லாபம் எவ்வளவு என்பதே நிறுவனத்துக்குத் தெரியும்.

ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது அரசின் கடமைதான். ஆனால் அந்தச் செலவை நாட்டின் எல்லா வரி செலுத்துவோரும் பகிர்ந்துகொள்வது ஒரு முறை. அதன் ஒரு பகுதியைச் சொல்லாமலே ஒரு பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் சிறு பங்குதாரர்கள் மீது ஏற்றுவது இன்னொரு முறை. 2004-இல் அரசு தன் ஓஎன்ஜிசி பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றுப் பணம் பெற்றுக்கொண்டது. வாங்கியவர்கள் மானியம் கொடுக்க முன்வந்து வாங்கவில்லை.

எண்ணெய் விலை ஏறினால்தான் இந்தத் தொல்லை, இறங்கினால் லாபம் என்று எண்ணத் தோன்றும். 2014-இன் பிற்பகுதியில் விலை சரிந்தபோது நடந்ததைப் பாருங்கள். 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை பெட்ரோல், டீசல் மீதான கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. விலைச் சரிவின் பெரும்பகுதி அரசின் கருவூலத்துக்குச் சென்றது. பிறகு 2018-இல் விலை மீண்டும் ஏறியதும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலேயே நீக்கப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் இருந்தவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது: அக்டோபர் 4 அன்று, லிட்டருக்கு ஒரு ரூபாயை எண்ணெய் நிறுவனங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு ரூபாய் என்பது சிறிய தொகைதான். ஆனால் விலைச் சுதந்திரம் காகிதத்தில் மட்டுமே உள்ளது என்று சந்தை அதைப் புரிந்துகொண்டதால், அன்றும் மறுநாளும் இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம், இந்தியன் ஆயில் பங்குகள் செங்குத்தாகச் சரிந்தன. 2022 ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பின் சில்லறை விலை மாற்றப்படாமல் நிறுத்தப்பட்டது. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 18,480 கோடி ரூபாய் நட்டம் காட்டின. அதே ஆண்டு ஜூலை முதல் நாளில் கச்சா எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் மீது டன்னுக்கு 23,250 ரூபாய் என்ற கூடுதல் வரி விதிக்கப்பட்டது. படிப்படியாக மாறி வந்த அந்த வரி 2024 டிசம்பரில்தான் கைவிடப்பட்டது. விற்பனை நிறுவனங்கள் 2023-24-இல் மிகப் பெரிய லாபம் ஈட்டியதையும் மறைக்கக் கூடாது. ஏற்ற இறக்கம் எல்லா எண்ணெய்த் தொழிலிலும் உண்டு. இங்கே அந்த ஏற்றத்தின் உச்சியும் இறக்கத்தின் ஆழமும் சந்தையால் மட்டுமல்லாமல் தேர்தல் காலத்தாலும் பணவீக்கக் கவலையாலும் தீர்மானிக்கப்படுகின்றன என்பதே வேறுபாடு.

இதை எதிர்த்து ஒரு பங்குதாரர் போராடினால் என்ன ஆகும் என்பதற்குக் கோல் இந்தியா நல்ல பாடம். 2010-இல் பங்கு ஒன்று 245 ரூபாய் வீதம் பத்து சதவீதப் பங்குகளை விற்று அரசு 15,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அந்நாளில் இந்தியாவில் அதுவே மிகப் பெரிய பொதுப் பங்கு வெளியீடு. சில்லறை முதலீட்டாளர்கள் வரிசையில் நின்று விண்ணப்பித்தார்கள். லண்டனைச் சேர்ந்த டிசிஐ என்ற முதலீட்டு நிதியம் ஏறக்குறைய ஒரு சதவீதத்தை வைத்திருந்தது. 2012 ஜனவரியில் நிறுவனம் நிலக்கரியின் வெப்ப மதிப்பை அடிப்படையாகக் கொண்ட புதிய விலை முறையை அறிவித்தது. மின் நிறுவனங்கள் எதிர்த்ததும் சில வாரங்களிலேயே உயர்வின் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. அடுத்து, மின் நிலையங்களுக்கு ஒப்பந்த அளவில் 80 சதவீதத்தைக் கட்டாயம் வழங்குவதாகவும், தவறினால் அபராதம் கட்டுவதாகவும் ஒப்பந்தம் செய்யச் சொன்னபோது இயக்குநர் குழு தயங்கியது. 2012 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் பெயரால் உத்தரவு வந்தது. குழு பணிய வேண்டியதாயிற்று.

டிசிஐ முதலில் கடிதங்கள் எழுதியது. நிலக்கரியைச் சந்தை விலையைவிட மிகக் குறைவாக விற்பதன் மூலம் இயக்குநர்கள் தங்கள் கடமையில் தவறுகிறார்கள் என்று குற்றம் சாட்டியது. பிறகு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் உயர் நீதிமன்றங்களை அணுகியது. வெளிநாட்டு முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களையும் காட்டி அரசுக்கு அறிவிக்கை அனுப்பியது. பல மில்லியன் டாலர் முதலீடும் தேர்ந்த வழக்கறிஞர்களும் இருந்த அந்த நிதியம், 2014 வாக்கில் தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. அதனால் முடியாதது ஐந்நூறு பங்கு வைத்திருப்பவரால் முடியும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

காரணம் சட்ட அமைப்பிலேயே இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களின் சங்க விதிகளில், அதாவது நிறுவனத்தை நடத்துவதற்கான அடிப்படை விதிகளில், குடியரசுத் தலைவர் உத்தரவிடலாம் என்ற பிரிவு பொதுவாக இருக்கும். பங்கு வெளியீட்டு ஆவணத்தின் இடர்ப் பகுதியிலும் அரசின் நலனும் மற்றப் பங்குதாரர்களின் நலனும் மாறுபடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டே வாங்கினீர்கள் என்பதுதான் பின்னர் உங்களுக்குச் சொல்லப்படும் பதில். தலைவர் முதல் சுயேச்சை இயக்குநர் வரை எல்லோரையும் தேர்ந்தெடுப்பது அரசு. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் எண்ணிக்கையில் சுயேச்சை இயக்குநர்கள் இல்லாமல் பல பெரிய எரிசக்தி நிறுவனங்கள் பல காலாண்டுகள் இருந்திருக்கின்றன. பங்குச் சந்தைகள் சில லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கும்போது, நியமிக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை, அமைச்சகத்திடம் உள்ளது என்றே நிறுவனங்கள் பதில் எழுதுகின்றன. அந்தப் பதில் உண்மையானது. அதனால்தான் கவலைக்குரியதும் கூட. இரண்டு அரசு நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் பரிவர்த்தனைகளுக்குச் சிறு பங்குதாரர்களின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற பொது விதியிலிருந்தும் அவற்றுக்கு விலக்கு உண்டு.

பங்குதாரர் பட்டியலையும் சற்று உற்றுப் பாருங்கள். இந்தியன் ஆயிலில் மத்திய அரசுக்கு நேரடியாக 51.5 சதவீதம், அதற்கு மேல் ஓஎன்ஜிசி 14 சதவீதத்துக்கு மேலும், ஆயில் இந்தியா சுமார் ஐந்து சதவீதமும் வைத்துள்ளன, எல்ஐசியின் பங்கு வேறு. அரசு அல்லாதோர் வசம் பாதி இருக்கிறது என்று அட்டவணை காட்டினாலும், அரசின் விருப்பத்துக்கு எதிராக வாக்களிக்கக் கூடியவர்கள் மிகச் சிலரே.

இந்த அமைப்பில் நிறுவனத்தின் கையிருப்புப் பணம் எங்கே செல்லும் என்பதும் உங்கள் கையில் இல்லை. 2018 ஜனவரியில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசு வைத்திருந்த 51.11 சதவீதத்தை ஓஎன்ஜிசி 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பங்குகளை விற்றுப் பணம் திரட்ட அரசு அந்த நிதியாண்டுக்கு வைத்திருந்த இலக்கு நிறைவேறிற்று. கடன் சுமை ஏறக்குறைய இல்லாமல் இருந்த ஓஎன்ஜிசி, சுமார் 25,000 கோடி ரூபாய் கடன் வாங்கியது. இதில் இரண்டு பக்கத்துச் சிறு பங்குதாரர்களும் பாதிக்கப்பட்டார்கள் என்பது என் கருத்து. ஓஎன்ஜிசி பங்குதாரர்களை இந்தக் கொள்முதல் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. இந்துஸ்தான் பெட்ரோலியம் பங்குதாரர்களுக்கோ, அரசு பெற்ற 473.97 ரூபாய் என்ற, சந்தை விலையைவிட உயர்ந்த விலை கிடைக்கவில்லை. இறுதிக் கட்டுப்பாடு அரசிடமே நீடிக்கிறது என்ற அடிப்படையில், மற்றவர்களின் பங்குகளையும் வாங்கிக்கொள்வதாக வழக்கமாக விடுக்க வேண்டிய திறந்த அழைப்பு தேவைப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் குஜராத் அரசின் பெட்ரோலிய நிறுவனத்திடமிருந்து கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஓர் எரிவாயு வயலில் 80 சதவீத உரிமையை ஓஎன்ஜிசி சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கியதும் இதே வகைதான். கோரக்பூர், சிந்திரி, பரௌனியில் மூடிக் கிடந்த உரத் தொழிற்சாலைகளை மீட்கும் பொறுப்பு மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி, இந்தியன் ஆயில், கோல் இந்தியா ஆகியவற்றின் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டுக்கு யூரியா தேவை. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பணம் போட்டவர் யூரியாத் தொழிலைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அரசு எப்போது வேண்டுமானாலும் இன்னும் விற்கும் என்ற எண்ணம் விலையை அழுத்திக்கொண்டே இருக்கும். 2015 ஜனவரியில் கோல் இந்தியாவில் மேலும் பத்து சதவீதம், 358 ரூபாய் என்ற அடிப்படை விலையில் விற்கப்பட்டது. சில மாதங்கள் அதற்கு மேல் ஏறிய பங்கு, பிறகு பல ஆண்டுகள் அந்த விலைக்குக் கீழேயே கிடந்தது. 2012 மார்ச்சில் ஓஎன்ஜிசி பங்குகள் ஏலத்துக்கு வந்தபோது பெரும்பகுதியை எல்ஐசிதான் எடுத்தது. 2014-இல் தொடங்கிய, பொதுத்துறை நிறுவனப் பங்குகளின் தொகுப்பு நிதியான சிபிஎஸ்இ இடிஎஃப் (CPSE ETF) வழியாகத் தவணை தவணையாகத் தள்ளுபடியில் விற்றதும் இந்தப் பங்குகளின் வரத்தைக் கூட்டியது. தனியார்மயம் வரும் என்று நம்பி வாங்குவதும் ஆபத்தானது: பாரத் பெட்ரோலியத்தில் அரசின் சுமார் 53 சதவீதப் பங்கு முழுவதையும் விற்க 2019 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2022 மே மாதத்தில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இடையில் நம்பிக்கை விலையில் வாங்கியவர்களுக்கு மிஞ்சியது காத்திருப்புதான்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். பிரேசிலின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ், பணவீக்கத்தை அடக்குவதற்காக 2011 முதல் 2014 வரை எரிபொருளை இறக்குமதி விலைக்குக் கீழே விற்கவைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் விலை உயர்வால் அதிருப்தியடைந்த அதிபர் போல்சனாரோ தலைமை நிர்வாகியை மாற்றப் போவதாக அறிவித்ததும் பங்கு ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. பிரான்சின் மின் நிறுவனமான இடிஎஃப் (EDF) 2005-இல் பொதுமக்களுக்கு 32 யூரோவுக்குப் பங்கு விற்றது. 2022-இல் சந்தை விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கூடுதல் மின்சாரத்தைப் போட்டியாளர்களுக்கு விற்குமாறு அரசு பணித்தது. கடைசியில் பங்கு ஒன்றுக்கு 12 யூரோ கொடுத்து அரசே முழுவதையும் எடுத்துக்கொண்டது. ரஷ்யாவின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமில் 2022-இல் இயக்குநர் குழு பரிந்துரைத்த 52.53 ரூபிள் ஈவுத்தொகையை, ஜூன் 30 பொதுக்கூட்டத்தில் பெரும்பான்மைப் பங்குதாரரான அரசு நிராகரிக்கச் செய்தது. பங்கு அன்றே சுமார் முப்பது சதவீதம் வீழ்ந்தது. மறுபக்கத்தில் நார்வேயின் எண்ணெய் நிறுவனமான ஈக்வினாரில் அரசுக்கு 67 சதவீதம் உண்டு, எண்ணெய் லாபத்தின் மீதான வரி 78 சதவீதம் என்ற கடுமையான அளவில் உண்டு. ஆனாலும் அந்த வரி எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே, முன்கூட்டியே தெரிந்தது, விற்பனை விலையில் அரசு கைவைப்பதில்லை. முதலீட்டாளர் அஞ்ச வேண்டியது வரியின் அளவைவிட அதன் நிச்சயமின்மைக்கே என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

எல்லா அரசு எரிசக்தி நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. என்டிபிசி, மின்கடத்தல் நிறுவனமான பவர் கிரிட் ஆகியவற்றின் கட்டணத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் செலவோடு சேர்த்து, பங்கு மூலதனத்துக்கு ஏறக்குறைய 15.5 சதவீத வருவாய் கிடைக்கும்படி நிர்ணயித்து வந்திருக்கிறது. அதனால் அரசு நினைத்த மாத்திரத்தில் விலையை வெட்டும் ஆபத்து குறைவு. அங்கே பார்க்க வேண்டியது மாநில மின் வாரியங்களின் நிலுவை. நெய்வேலி நிறுவனத்தின் பங்கை வாங்க எண்ணும் நம்மவர்கள், அதன் முக்கிய வாடிக்கையாளர்களுள் ஒன்று தமிழ்நாட்டு மின் வாரியம் என்பதையும், அந்த வாரியத்தின் நிதிநிலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 2013-இல் செபியின் குறைந்தபட்சப் பொதுப் பங்கு விதிக்காக நெய்வேலியின் 3.56 சதவீதத்தை விற்க மத்திய அரசு முயன்றபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், இறுதியில் தமிழக அரசின் நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். பொதுமக்களின் பங்கைக் கூட்ட வேண்டும் என்ற விதி, ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசுக்குப் பங்குகள் கைமாறியதில் நிறைவேறியது.

ஈவுத்தொகைக்கு வருவோம், ஏனெனில் உங்கள் கணக்கு அதைச் சுற்றியே இருக்கிறது. இங்கேதான் அரசின் தேவையும் உங்கள் தேவையும் ஒன்றுபடுகின்றன. நிதிப் பற்றாக்குறையைச் சமாளிக்க அரசுக்குப் பணம் வேண்டும். லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவதில்) 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்பது 2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல். அரசுக்கு வருவதே விகிதப்படி உங்களுக்கும் வரும். 2013-14-இல் கோல் இந்தியா பங்குக்கு 29 ரூபாய் கொடுத்தது இப்படித்தான். ஆனால் மொத்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2010-இல் 245 ரூபாய்க்கு வாங்கியவர் பத்தாண்டில் ஈவுத்தொகையாகச் சுமார் 165 ரூபாய் பெற்றிருப்பார். 2020 அக்டோபரில் பங்கின் விலை 120 ரூபாய்க்கும் கீழே இருந்தது. இரண்டையும் கூட்டினால் போட்டதைவிடச் சற்றே அதிகம். வங்கியின் நிரந்தர வைப்பு அதைவிட மிக அதிகம் தந்திருக்கும். அதே 2020-இல் அந்தத் தாழ்ந்த விலையில் வாங்கியவரோ நான்கு ஆண்டுகளில் பன்மடங்கு பெற்றார். இவ்வகைப் பங்கில் நீங்கள் கொடுக்கும் விலைதான் உங்களுக்கு இருக்கும் முதன்மையான பாதுகாப்பு. சட்டமோ இயக்குநர் குழுவோ தராத பாதுகாப்பை அந்த விலை தந்தாக வேண்டும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஓய்வுக்காலப் பணத்தின் கணிசமான பகுதியை இவற்றில் போட வேண்டாம். மாதச் செலவுக்கு நம்பியிருக்கும் தொகையை வைப்புகளிலும் அரசுக் கடன் பத்திரங்களிலும் வைத்துவிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் தொடத் தேவையில்லாத தொகையில் பத்திலொரு பங்கு அளவுக்கு மட்டும் இத்துறைக்கு ஒதுக்கலாம். அதிலும் பெட்ரோல், டீசல் விற்கும் நிறுவனங்களைவிட, கட்டணம் ஒழுங்குமுறை ஆணையத்தால் நிர்ணயிக்கப்படும் மின் நிறுவனங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். எண்ணெய் விற்பனை நிறுவனங்களை வாங்கியே ஆக வேண்டுமென்றால், சாதனை லாபம் வந்த ஆண்டின் ஈவுத்தொகை விகிதத்தைப் பார்த்து வாங்காதீர்கள். குறைந்தது எட்டுப் பத்து ஆண்டுகளின் சராசரி லாபத்தைக் கொண்டு விலையை எடைபோட்டு, விலை உறைந்து நட்டம் காட்டிய ஆண்டுகளையும் அந்தச் சராசரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.